ஆறாந் திகதி முடியட்டும்

டோர்செட் பார்க்,
ஸ்காபரோ, ரொறன்ரோ.
21.11.1999

அன்புள்ள தம்பி தியாகலிங்கத்துக்கு,

அக்கா இராசமணி எழுதுவது. சுகம் விசாரித்து எழுதியிருந்தாய். செத்தவீடு நடந்த வீட்டில் இருந்துகொண்டு சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இருக்கிறேன். பிள்ளை துர்க்கா மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அங்கே மச்சாளும் பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மூன்று பக்கமும் வாக்கெடுப்பு. அவுஸ்திரேலியா மகாராணியை விட்டுக் குடியரசாக வேண்டுமென்று நீங்கள் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாநிலம்கூட உங்கள் பக்கம் வரவில்லையாம். குடியரசு வேண்டும் என்றவர்களே, தலைவரைச் சனம் தெரிவதா பாராளுமன்றம் தெரிவதா என்று பிரிந்துநின்று கெடுத்துவிட்டார்களாம். முடிவு வந்த அன்று நீ சாப்பிடவில்லையாம். கடைசிப் பக்கத்தில் அத்தானின் மறைவுக்கு உன் அனுதாபம். நான் வாசித்துவிட்டுத் துர்க்காவிடம் கொடுத்தேன். அவள் வாசித்து முடித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதவேண்டும் என்றிருந்தேன். "அத்தான் இருந்திருந்தால் என்னைவிடக் கவலைப்பட்டிருப்பார். எழுபத்திரண்டில் அவர் நின்ற நியாயமும் இப்போது நான் நிற்கிற நியாயமும் ஒன்றுதான்" என்று எழுதியிருக்கிறாய். தம்பி, மற்றதெல்லாம் நீ எழுதலாம். அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது.

எழுபத்திரண்டில் நடந்தது உனக்குத் தெரியும். உன் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டு.

அத்தான் கச்சேரி அலுவலகத்தில் தலைமைக் கிளாக்கர். நீ அதே கந்தோரில் அவர் அலைந்து திரிந்து சேர்த்துவிட்ட கிளாக்கர். கல்யாணம் ஆகாத பெடியன், எங்களோடு குவாட்டர்சில் இருந்தாய். அந்த வருசம் வைகாசியில் இலங்கை குடியரசானது. மகாராணி போனதில் அவருக்கு ஒரு துளி கவலையும் இருக்கவில்லை. அவர் ஒருநாளும் மகாராணி படத்தை வீட்டில் மாட்டினவர் அல்ல. ஆனால் பழைய அரசியல் சட்டத்தில், தொகையில் சிறிய சனத்துக்குப் பாதகமாகச் சட்டம் செய்யக்கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. நாட்டுக்குள் நீதி கிடைக்காவிட்டால் இலண்டனுக்கு அப்பீல் போக ஒரு வழியும் இருந்தது. அந்த வழியை அடைத்தார்கள். அந்தப் பிரிவைப் புதிய சட்டத்தில் காணவில்லை. தொகையில் கூடின சனத்தின் மொழியும் சமயமும் மேலே போயின. நாங்கள் கேட்டது எதையும் சபையில் எடுக்கவில்லை. எல்லாம் எழுதி முடித்த பிறகு, இந்தக் குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று அரசாங்க உத்தியோகத்தர் அத்தனை பேரும் சத்தியம் செய்யவேண்டும், மறுத்தால் வேலை இல்லை என்றார்கள்.

சத்தியம் செய்யத் தந்த தவணை முடிகிற அன்று காலமை வாசலில் நின்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னது உனக்கும் கேட்டது. "முடியை எடுத்ததுக்கு எனக்குக் கோவமில்லை, இராசமணி. அதோடை சேத்து எங்களுக்கிருந்த ஒரேயொரு கதவையும் அடைச்சுப்போட்டு, இப்ப வந்து கையைத் தூக்கு எண்டால் நான் மாட்டன்." நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். நீயும் மாட்டாய் என்று நினைத்தேன்.

வழக்கம்போல மத்தியானம் இரண்டு பேருக்கும் சாப்பாட்டுக் கரியர் கொடுத்துவிட்டேன். பின்னேரம் கரியர்கள் திரும்பி வந்தன. அவருடையது கனமாக இருந்தது. திறக்கவேயில்லை. பத்து மணிக்கே கந்தோரை விட்டு இறங்கிப் போய் பஸ் ஸ்ராண்டில் இருந்திருக்கிறார். உன்னுடைய கரியர் வெறுமையாக, கழுவித் துடைத்து வந்தது. கொண்டுவந்த பியோன்தான் சொன்னான், சின்னையா சத்தியம் செய்துவிட்டார், புதுத் தலைமைக் கிளாக்கர் அவர்தான் என்று. உன்னைத்தான் அவன் சின்னையா என்பான். அத்தானுடைய கதிரையில் இருந்து, நான் சமைத்த சோற்றைச் சாப்பிட்டிருக்கிறாய். அவர் இருட்டின பிறகு வீட்டுக்கு வந்து முதல் கேட்டது, "தியாகு சாப்பிட்டவனோ?"

ஓம் என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உன்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் சொல்லாமல் மாத முடிவில் வேறு அறை பார்த்துப் போய்விட்டாய். குவாட்டர்சை விட்டு நாங்கள் இறங்கியபோது சாமான் ஏற்ற நீ வந்தாய். அதையும் எழுதத்தான் வேண்டும். வந்து நல்லாகத்தான் ஏற்றினாய்.

பிறகு நீ கொழும்புக்கு மாறி, எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருசம் சிட்னிக்குப் போய், அங்கே மகாராணிக்குச் சத்தியம் செய்து குடியுரிமை எடுத்தாய். அதே மகாராணி வேண்டாமென்றுதான் இப்போது படி ஏறி இறங்கியிருக்கிறாய். உனக்கு எந்தச் சத்தியமும் தொண்டையில் சிக்கினதில்லை. அத்தான் ரியூசன் கொடுத்தும் அரிசி ஆலையில் கணக்கு எழுதியும் துர்க்காவைப் படிப்பித்தார். எண்பத்தெட்டில் அகதியாக இங்கே வந்தோம். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு கட்டடத்தில் இரவுக் காவல் வேலை செய்தார். "முந்திக் கதிரையிலை இருந்தன், இப்பவும் கதிரையிலைதான் இருக்கிறன்" என்று சொல்லுவார். சிரிக்கமாட்டார்.

தொண்ணூற்றி நாலில் எங்களுக்குக் குடியுரிமை தர அழைத்தார்கள். கனடாவிலும் மகாராணிக்கும் அவ பிள்ளை பேரப்பிள்ளைகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்றுதான் சொல்லவேண்டும். இந்த மனுசன் மாட்டார், மண்டபத்தில் எழுந்து போகப் போகிறார் என்று எனக்குப் பயம். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நீதிபதி அம்மா சொல்லச் சொல்லக் கையைத் தூக்கி, பிழையில்லாத இங்கிலீசில் முழுவதும் சொன்னார். ஆளுக்கொரு கடதாசிக் கொடியும் ஒரு துண்டு கேக்கும் தந்தார்கள். கேக்கை அவர் தொடவில்லை.

பஸ்சில் வரும்போது சொன்னார். "ஒரு நிமிசம்கூட எடுக்கேல்லை, பாத்தியோ. இந்த ஒரு நிமிசத்துக்கு நான் அண்டைக்கு வாயைத் திறந்திருந்தால் உன்னை இந்தளவு அலைச்சிருக்க மாட்டன்." அப்ப இண்டைக்கு ஏன் சொன்னீங்கள் என்று கேட்டேன். "உந்த மகாராணி என்னட்டை ஒண்டும் பறிக்கேல்லை" என்றார். "துர்க்காவுக்கு ஒரு நாடு வேணும். எனக்கு இனி ஆருக்குச் சத்தியம் செய்தால்தான் என்ன." அதற்குப் பிறகு அவர் அரசியல் பேசிக் கேட்டது குறைவு. அந்தக் கையைத் தூக்கின அன்று அவருக்குள் ஏதோ விட்டுப்போனது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

இந்த ஆவணியில் அவருடைய புற்றுநோய் ஈரலுக்குப் போய்விட்டது, இனி வைத்தியம் இல்லை என்றார்கள். எழுபத்திரண்டில் அவரோடு கந்தோரை விட்டு இறங்கின கஸ்பர் அண்ணை இங்கேதான் இருக்கிறார். முழங்கால் ஏலாத மனுசன் கிழமைக்குக் கிழமை சப்வேயும் பஸ்சும் பிடித்து ஆசுப்பத்திரிக்கு வந்து, பேப்பர் வாசித்துக் காட்டிவிட்டுப் போவார். புரட்டாதியில் உனக்கு நான் ரெலிபோன் எடுத்தேன். அத்தான் உன்னைப் பார்க்கக் கேட்கிறார் என்று சொன்னேன். நீ சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "கட்டாயம் வாறன் அக்கா. நவம்பர் ஆறாந் திகதி முடியட்டும். எங்கடை பகுதிக்கு நான்தான் பொறுப்பு, இப்ப விட்டுட்டு வரேலாது."

அதை அவரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அவன் கேக்கிறது பிழையில்லை. ஒரு வீட்டிலை பிறந்ததுக்காக ஒருத்தரைத் தலைக்கு மேலை வைச்சிருக்கிறது சரியில்லைத்தான். ஆனால் அந்த நாட்டிலை முந்தியிருந்த சனம் இருக்கெல்லோ, அதுகளுக்குப் புதுச் சட்டத்திலை என்ன எழுதப் போறாங்கள் எண்டு அவனைக் கேள்" என்றார். நான் கேட்டேன். "அது வேறை விசயம் அக்கா" என்றாய். அதையும் அவரிடம் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போது சொல், அவருடைய நியாயமும் உன்னுடைய நியாயமும் ஒன்றா?

ஐப்பசியில், வாக்கெடுப்புக்கு ஒரு கிழமைக்கு மேல் இருக்க, போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்து சேர நேரம் போதாது என்றாய். மலர்வளையம் வந்தது. பெரியது. உன் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள்.

இன்னொன்றும் எழுதவேண்டும். கடைசிக் கிழமையில் இரண்டு மூன்று தரம், "தியாகு வந்தால் அவனுக்கு ஒண்டு சொல்லவேணும்" என்றார். என்னட்டைச் சொல்லுங்கோ, நான் சொல்லுறன் என்றேன். "இல்லை, அவனுக்குத்தான்" என்றார். அது என்ன என்று எனக்குத் தெரியாது. கஸ்பர் அண்ணைக்கும் தெரியாது. உன்னை மன்னித்துவிட்டார் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அவர் சொல்லாததை நான் எப்படி எழுதுவேன்? வேறு எதையாவது சொல்லவும் இருந்திருப்பார். மகாராணி போனாலும் இருந்தாலும் அது இனி உனக்குக் கிடைக்காது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வருகிற வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரமுதல் முடிந்துவிடும். துர்க்கா, மாமாவுக்கு இனி எழுதவேண்டாம் என்கிறாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். நீ இங்கே வருவதென்றால் அவருக்காக வரவேண்டாம், அதற்குரிய காலம் போய்விட்டது. எனக்குச் சகோதரம் என்று சொல்ல நீ ஒருவன்தான். துர்க்கா வேலைக்குப் போனால் பொழுதுபடும்வரை இந்த வீட்டில் பேச ஆள் இல்லை. கதவைத் தட்டினால் திறப்பேன்.

உன் பிள்ளைகளை எந்த நாடும் அவர்கள் மனம் ஒவ்வாத சத்தியத்தைச் செய்யச் சொல்லிக் கேட்காமல் இருக்கட்டும். அப்படிக் கேட்டால், அன்று அவர்களுக்குப் பக்கத்தில் யாராவது நிற்கட்டும்.

உன் அக்கா,
இராசமணி