மூன்றாம் வளைவில் பதினோரு நாள்

ஜனவரி 9

அலுவலகத்தில் இன்று வரைபடத்தைப் பெரிய மேஜையில் விரித்தார்கள். கிழக்கு மலைக்கும் மேற்கு மலைக்கும் நடுவே ஏறும் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். மலையாடுகள் கடப்பதற்குச் சாலைக்கு மேலே மண்ணும் புல்லும் போட்டு ஒரு பாலம் கட்டித் தருவார்களாம். ஒன்றே ஒன்று. இடம் எது என்பதற்கு ஆதாரம், நானும் என் வீட்டுக்காரரும் எழுதிய பழைய அறிக்கை. மூன்றாம் வளைவு.

அலுவலகத்தில் அதற்குத் 'தாடி வளைவு' என்றே பெயர். தாடி என்பது அவர்தான். போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. பாலத்துக்கும் அவர் பெயரை வைக்கலாம் என்றார் இயக்குநர். எல்லார் முன்னாலும் அழக்கூடாதென்று, கூராக இருந்த பென்சிலை மறுபடி சீவிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 12

மேற்கு மலையில் மிச்சம் முப்பத்தெட்டு ஆடுகள். சாலை குறுக்கே வந்ததிலிருந்து தங்களுக்குள்ளேயே கூடி, குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கின்றன. கிழக்கிலிருந்து புது ரத்தம் வராவிட்டால் என் மகள் காலத்திலேயே கதை முடிந்துவிடும்.

சாலைப் பொறியாளர் சின்னப் பெண். எதையும் லேசில் விடமாட்டாள். "மூணாம் வளைவுல எட்டு மாசமா கேமரா இருக்கு. ஒரு ஆடுகூட படத்துல விழலையே மேடம்?" என்றாள்.

"வண்டி அதிகமாயிடுச்சும்மா. பயப்படுது."

டக்கென்று வந்துவிட்டது பதில். அதுதான் உறுத்துகிறது.

ஜனவரி 15

இருபத்திரண்டு வருடம் முன்னால், கல்யாணமாகி ஏழு மாதம். பாறையில் சறுக்கிக் கணுக்கால் வீங்கி, மூன்றாம் வளைவுக் கூடாரத்தில் பதினோரு நாள் கிடந்தேன். தாடி மேலே ஒன்பதாம் வளைவுப் பக்கம் போய் ஆடு எண்ணுவார். நான் கீழே படுத்துக்கொண்டு அவரைத் திட்டுவேன். நான்காம் நாள் காலையில் எட்டிப் பார்த்தால், இருபதடி தூரத்தில் ஆடுகள். சாலையைக் கடந்து வந்து நிற்கின்றன. ஒரு கிழட்டுப் பெட்டை என்னை ஏற இறங்கப் பார்த்தது, மாமியார் மாதிரி. அப்புறம் தினமும் வந்தன. அவ்வளவு சந்தோஷமாக யாரும் நொண்டியிருக்க மாட்டார்கள்.

அறிக்கை எழுதும்போது, "உன் பதினோரு நாள விட்டுடலாமே" என்றார். மலையேறி எண்ணினால்தான் எண்ணிக்கையா, உட்கார்ந்து எண்ணினால் கிடையாதா என்று பிடித்துக்கொண்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே சேர்த்துவிட்டார்.

ஜனவரி 16

கேமரா படங்களை முதலிலிருந்து பார்த்தேன். முயல். முயல். அவசரத்துக்கு ஒதுங்கிய ஒரு மனிதர். முயல்.

ஜனவரி 20

தேதிகளைச் சரிபார்க்க, அப்போது எங்களுக்கு ஜீப் ஓட்டியவரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்றும் கை சும்மா இல்லை. வாசலில் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். அந்த ஆடுகள் அங்கே ஏன் வந்தன என்று இன்றைக்கும் புரியவில்லை என்றேன். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"உப்புக்குத்தான் மேடம். சார் சொல்லலையா?"

"எந்த உப்பு?"

"கல்லுப்பு. நான்தான் வாங்கியாந்தேன். விடியுறதுக்குள்ள சார் போய்ப் பாறை மேல தூவிட்டு வருவாரு. பாவம், இவ்ளோ தூரம் வந்து ஒரு ஆட்டக்கூட அவ கிட்டத்துல பாக்கலன்னாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அப்புறமா அவரே சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

பஸ்ஸில் வரும்போது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மற்றது. பக்கத்திலிருந்த அம்மாள் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

ஜனவரி 21

பாவி மனுஷா, சொல்லித் தொலைச்சிருக்கலாமே — சொல்லத்தானே வந்தார். 'விட்டுடலாமே' என்றது அதுதானே. நான் எங்கே காது கொடுத்தேன்? என் சந்தோஷம் போய்விடும் என்று பார்த்தாரா? வெட்கமா? இனி யாரைக் கேட்பது?

ஜனவரி 22

துரத்தினால் தாவி ஏறச் செங்குத்துப் பாறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் மலையாடு தானாகக் கால் வைக்காது. பயிற்சி வகுப்பில் வருடா வருடம் இதைச் சொல்லிக் கொடுப்பவள் நான். மூன்றாம் வளைவில் இரண்டு பக்கமும் வெறும் புதர்ச் சரிவு. ஒன்பதாம் வளைவில் இரண்டு பக்கமும் பாறை. அங்கே பார்த்த புழுக்கை, குளம்படி எல்லாவற்றையும் தாடி ஒழுங்காக எழுதியிருக்கிறார், அறிக்கையின் கடைசிப் பக்கங்களில். முதல் பக்கத்தில் என் ஆடுகள்.

வாயை மூடிக்கொண்டால் அவர் பெயரில் ஒரு பாலம் நிற்கும். அதில் ஆடு போகாது.

ஜனவரி 23

மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா பொய்யா எழுதினாருன்னு எல்லாரும் பேசுவாங்க. அவர் பேரு ஒண்ணுதாம்மா நமக்கு மிச்சம்" என்றாள். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"உப்பு போட்டது நெசமாவே உனக்காகவாம்மா?"

"ஆமாடி."

"அப்ப அதையும் சேத்து எழுதிக் குடு."

ஜனவரி 27

எழுதிக் கொடுத்தேன். உப்பு, கணுக்கால், சண்டை — எல்லாம். இயக்குநர் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெயர் வைக்கும் பேச்சு அத்தோடு நின்றது. பொறியாளர் மட்டும் வெளியே வந்து, "நாளைக்கே ஒன்பதாம் வளைவுக்குக் கேமராவ மாத்திடலாம் மேடம்" என்றாள்.

பிப்ரவரி 19

ஒன்பதாம் வளைவுக் கேமராவில் ஏழு ஆடுகள். சாலை ஓரம் வரை வந்து, நின்று, திரும்பியிருக்கின்றன.

மார்ச் 14

மூன்று வருடமாகிவிட்டது. நோட்டில் இடம் மிச்சமிருக்கிறது, அதனால் இதிலேயே.

ஒன்பதாம் வளைவில் பாலம் முடிந்து, புல் பிடித்துவிட்டது. நேற்றைய படத்தில் கிழக்கிலிருந்து ஒரு கிடா, பாலத்தின் நடுவில். இன்று காலைப் படத்தில் அது மேற்குப் பாறை மேல் நிற்கிறது. பொறியாளர் என்னை முந்திக்கொண்டு அழுதுவிட்டாள். மகளுக்குப் படத்தை அனுப்பினேன்.

பாலத்தைப் பார்த்துவிட்டு இறங்கும்போது மூன்றாம் வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். அந்தப் பாறை அப்படியே இருக்கிறது. கையில் உப்பு கிடையாது. இங்கே எதுவும் வராது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனாலும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.