தையலின் நிறம்

வீரபாண்டி,
12.9.2008

அன்பு மகன் சுரேஷுக்கு, அம்மா சாமியாத்தாள் சொல்லச் சொல்லத் தங்கச்சி கவிப்பிரியா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அந்த மொரீஷியஸ் தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால் அதுவே எனக்குப் போதும் சாமி. பனியன் கம்பெனியில் எனக்கு ஓரம் தைக்கிற அதே ஓவர்லாக் மிஷின்தான். தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டதும் தங்கவேலு அண்ணனின் பிரவுசிங் சென்டரில் டைப் அடிக்கப் போகிறாள். உன் பிறப்புச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் கேட்டு நீ மெயில் போட்டதாக அவர் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், ஸ்கேன் செய்து அனுப்புவார். ராத்திரி கண் விழிக்காதே கண்ணு. மாகாளியம்மன் உன்னைக் கைவிட மாட்டாள். எப்போதும்போலக் கையெழுத்துக்குப் பதில் மூலையில் கம்பெனி நூலால் ஒரு தையல் போட்டிருக்கிறேன்.

அண்ணா, இந்தப் பக்கம் நானாக எழுதுவது, அம்மா தூங்கிய பிறகு. எனக்குப் பயமாக இருக்கிறது. சென்டரில் திரையில் வரும் கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அப்படியே அடிப்பதுதான் என் வேலை, ஒன்றை அடித்தால் அடுத்தது வரும். போன வாரம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் புதிதாக ஒரு மெயில் கணக்குத் திறந்து காட்டினார், அங்கேயும் அதே கோணல் எழுத்து. மிஷின்கள் திருட்டுத்தனமாக நுழையாமல், வந்திருப்பது மனிதர்தானா என்று பார்க்க வைத்திருக்கிறார்களாம். அப்படியானால் நான் தினமும் யாரை உள்ளே விடுகிறேன்? தங்கவேலு மாமாவிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் உனக்கெதுக்கு கண்ணு? கோணலா வந்தா நேரா அடி, அவ்வளவுதான் சோலி" என்று சிரித்தார். வேலைக்குச் சேரும்போது மெயிலும் பாஸ்வேர்டும் எழுதித் தரச் சொன்னார், எனக்கென்று இல்லாததால் போட்டோ பார்க்க நீ கொடுத்த உன்னுடையதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். திட்டாதே. அதற்கப்புறம்தான் சான்றிதழ் கேட்டு சென்டருக்கு அந்த மெயில் வந்தது. உன் பெயர்தான், ஆனால் என்னை டியர் சிஸ்டர் என்கிறது. நீ என்றைக்கு அண்ணா என்னை அப்படிக் கூப்பிட்டாய்?

சான்றிதழ்களை என் பழைய வரலாறு நோட்டின் அட்டைக்குள் ஒளித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா தேடும், எனக்கு அடியும் விழும். நீ போன் செய்ய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அப்போதும் அம்மா பக்கத்திலேயே நிற்கும். அதனால் முதலில் பாஸ்வேர்டை மாற்று. கேட்டது நீதான் என்றால் மறுபடி மெயில் போடு, அதில் இந்தக் கடிதத்தின் மூலையில் இருக்கும் அம்மாவின் தையல் என்ன நிறம் என்று எழுது. கடிதத்தை நானே பெட்டியில் போடுகிறேன், நம் மூன்று பேரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. நிறம் சரியாக இருந்தால் அன்றைக்கே எடுத்துக் கொடுப்பேன். இல்லையென்றால் உன் பெயரிலேயே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் வாயாடி,
கவிப்பிரியா