செந்திலுக்கும் ஓர் இலை

ஆனி 30, திங்கள்

காலையிலேயே மூட்டம். நேற்றுச் சாயம் போட்ட பட்டு இன்னும் ஈரம். இன்று அரக்கு ஒரு தொட்டி, மாம்பழ மஞ்சள் ஒரு தொட்டி. ஆவணி முகூர்த்தத்துக்கு எல்லாருக்கும் ஒரே நாளில் நூல் வேண்டுமாம். வெயிலை நான் எங்கே போய் வாங்குவது?

கயலுக்கு மறுபடி வயிற்று வலி. பள்ளிக்கூட நேரத்துக்குச் சரியாக வருகிறது. மாலதி ஓமத் தண்ணீர் கொடுத்தாள். (இனி மா. என்றே எழுதுகிறேன். பெண்டாட்டி பெயரை முழுசாக எழுதக் கூச்சமாக இருக்கிறது. கல்யாணமாகி வரப்போவதுதான் முதல் ஆடி.)

டாக்டர் அமுக்கிப் பார்த்தார், ஸ்கேனும் பார்த்தார். "வயித்துல ஒண்ணும் இல்லீங்க. கொயந்த மனசுல எதுனா இருக்கும். பேசிப் பாருங்க."

எப்படிப் பேசுவது? மா.வின் ஒன்பது வயதுப் பெண், என்னை இன்னும் எந்த முறை வைத்தும் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எதிரில் வந்து நிற்பாள். நானாகப் புரிந்துகொள்ள வேண்டும். என் அக்காவை மட்டும் அழகாக அத்தை என்கிறாள். அத்தைக்குத் தம்பி என்றால் நான் யாராம்?

ஆடி 1, வியாழன்

வெயில். அப்பாடா! நான்கு தொட்டி முடிந்தது. மயில் கழுத்து நிறம் அற்புதமாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன்.

மத்தியானம் டீச்சர் போன். "குடும்பத்தப் பத்தி நாலு வார்த்த பேசச் சொன்னேன் சார். எழுந்து நின்னா, அழுதுட்டா. கிளாஸ்ல வாயே தொறக்கறதில்ல. நல்லாப் படிக்கிற பொண்ணு சார்."

கடைசி வரியை மட்டும் பட்டறையில் எல்லாரிடமும் சொன்னேன். "எம்பொண்ணு நல்லாப் படிக்குதாம்பா." சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அழுததை யாரிடமும் சொல்லவில்லை. நாள் முழுக்க உறுத்தல்.

சாயங்காலம் அக்கா. அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. அதிகாரம் எல்லாம் இங்கே. "செல்லம் குட்த்து கெடுக்கற. ரெண்டு போடு போட்டா வலி ஜல்தியா ஓடிடும்."

"உன் வேலையப் பாருக்கா."

கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் போய்விட்டாள். அதாவது, பாதி குடித்துவிட்டு.

ஆடி 4, ஞாயிறு

படவேடு அம்மன் கோயில். வேண்டுதல் மா.வுடையது, காய்ச்சல் என்று அவள் படுத்துவிட்டாள். நானும் கயலும் மட்டும் வண்டியில். கூட்டம் தாங்கவில்லை. ஒரு செருப்பு காணோம் (என்னுடையது).

திரும்பும்போது சந்தவாசலில் டீ. மா.வும் கயலும் முன்பு குடியிருந்த ஊர். வாணலியில் வெங்காய பக்கோடா. வாய் திறக்காத பெண், கடைக்காரரிடம் நேராகப் போய்க் கேட்கிறாள்: "கருகின தூளு கீதா?"

"கருகினது இன்னாத்துக்கும்மா?"

"எங்கப்பாக்கு அதான் புடிக்கும்."

சொன்னதும் திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் செத்துப்போய்விட்டது. "தெரியாம சொல்ட்டேன். கோச்சிக்காதீங்க."

"நான் எதுக்கும்மா கோச்சிக்கப்போறேன்?"

"அத்த சொன்னாங்க. பழைய அப்பாவப் பத்திப் பேசினா நீங்க எங்கள வூட்ட விட்டு அனுப்பிடுவீங்கன்னு."

அடிப்பாவி அக்கா! இதை இத்தனை மாதம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டா இந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போனது? குடும்பத்தைப் பற்றிப் பேசு என்றால் அழாமல் என்ன செய்யும்?

செந்தில் அவள் அப்பா. வேன் ஓட்டினவர், சாலை விபத்தில் போனவர். நான் பார்த்ததில்லை. அவர் போட்டோ மா. பெட்டியின் அடியில் துணி சுற்றிக் கிடப்பது தெரியும். எனக்குச் செய்யும் மரியாதை என்று அவள் நினைப்பு. நானும் எடு என்று சொன்னதில்லை.

"உங்கள யாரும் எங்கயும் அனுப்ப மாட்டாங்க. அது உன் வூடு. அப்பாவப் பத்தி எவ்ளோ வேணா பேசு" என்றேன். ஒரு பொட்டலம் கருகல் வாங்கினோம். ஒரே கசப்பு. "சூப்பரா கீது" என்றேன்.

அப்புறம் ஆரணி வரைக்கும் வாய் ஓயவில்லை. அப்பா தெருமுனையில் ஹாரன் அடிப்பாராம். பாட்டே வராதாம், ஆனால் பாடிகினே இருப்பாராம். மடியில் உட்காரவைத்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கவிடுவாராம். வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரன் திட்டினான். திட்டட்டும்.

ஆடி 5, திங்கள்

தூறல். தொழில் பேஜார்.

காலையில் வயிற்று வலி இல்லை!

நேராக அக்கா வீடு. சண்டை.

"நல்லதுக்குத்தான்டா சொன்னேன். மறந்தாத்தான உங்கிட்ட ஒட்டும்?"

"பெத்த அப்பாவ மறந்துட்டு எங்கிட்ட ஒட்டணுமா? அப்டி ஒட்ட வேணாம்." அமாவாசைக்கு என் வீட்டில் செந்திலுக்குப் படையல் என்றும் சொல்லிவிட்டேன்.

"இன்னொருத்தன் போட்டோவ உன் வூட்ல வெச்சிக் கும்புடுவியா? ஊரே சிரிக்கும்டா!"

"சிரிக்கட்டும். யாருக்குப் பல்லு சொத்தைன்னு பாத்துக்கறேன்."

சட்டென்று வாயில் வந்தது. மறந்துவிடக் கூடாது என்றுதான் எழுதிவைக்கிறேன்.

மா.விடம் சொன்னேன். போட்டோவை எடுத்து வந்து முந்தானையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். சின்ன வயது மனுஷன். மீசை என் மீசையைவிட நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆடி 7, புதன்

வாங்க: வாழை இலை, வாழைக்காய், பூ, கற்பூரம், செருப்பு.
கயல் உத்தரவு: ரசம் கூடாது. அப்பளம் நிறைய. பக்கோடா, கருகினது.

அமாவாசையில் வெங்காயமா என்று மா. தயங்கினாள். "அப்பாக்குத்தான சாப்பாடு? சாமிக்கா?" என்று கயல் கேட்டாள். அப்பீல் இல்லை. பொட்டைப் பிள்ளை படைக்கலாமா என்று பக்கத்து வீட்டில் முணுமுணுப்பு. அவள் அப்பாவுக்கு அவள் படைக்காமல் நானா படைப்பது?

ஆடி 8, வியாழன். அமாவாசை

வெயில் கொளுத்துகிறது, பட்டறைக்கும் கயலுக்கும் லீவு. நல்ல வெயில் வீண். போகட்டும்.

இலை போடும் நேரத்துக்கு வாசலில் அக்கா! கையில் பூமாலை. "போட்டோ இத்துனூண்டு கீது, மால முழுங்கிடும் போல" என்று முனகிக்கொண்டே அவளே மடித்துப் போட்டாள். கயல் கற்பூரம் ஏற்றினாள்.

மாடிக்குப் போனோம். கைப்பிடிச் சுவரில் இலைத்துண்டு, சோறு, பக்கோடா. காக்கை வந்தால்தான் நாங்கள் சாப்பிட முடியும். வரவில்லை. எல்லா மாடியிலும் விருந்து, அதுகளுக்கு இன்று ஏக கிராக்கி. நான் கத்தினேன். மா. கூப்பிட்டாள். அக்கா "கா கா" என்றது யாரையோ திட்டுவது போல இருந்தது.

கயல் முன்னால் போனாள். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

"அப்பா! சாப்ட வாப்பா! பக்கோடா கீது! ஜல்தி வா!"

பக்கத்து வீட்டில் ஓடும் தறிச் சத்தத்தையும் தாண்டித் தெருவே கேட்டது. எதிர் மாடியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளாஸில் வாய் திறக்காதவளாம்! அந்த டீச்சர் கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எம்பொண்ணு என்று எதிர் மாடிக்கு உரக்கச் சொன்னேன், யாரும் கேட்காமலே.

வந்தது ஒன்று. சோற்றைத் தொடவில்லை, முதலில் பக்கோடா. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கயல் என் கையைப் பிடித்து இழுத்துச் சுவரருகே நிறுத்தினாள். காக்கையிடம் சொல்கிறாள்:

"அப்பா, நான் டெய்லி சொல்வேன்ல? இவருதான்."

காக்கை தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. நான் என்ன செய்ய? கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நல்லா சாப்பிடுங்க செந்தில்" என்றேன்.