ரோசின் தடவாத வில்

செம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நகுலுக்கு,

அம்மாவின் ஆசிகள். உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்கவேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதே வேண்டிக்கொண்டேன். நாங்கள் சௌக்கியம் என்று எழுதவேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். தினமும் வீடியோ காலில் பார்க்கிற அம்மா திடீரென்று பேப்பரும் பேனாவும் எடுத்திருக்கிறாளே என்று நினைப்பாய். நீ டொராண்டோவில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறாய், இங்கே உன் தங்கை அம்மு என் தோளை இடித்துக்கொண்டு நிற்கிறாள், இந்த விஷயத்தை அப்படிப் பேச முடியாது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி, ஒரு வரியையும் தாண்டிப் போகாதே.

அப்பாவுக்கு இடது கண்ணில் புரை, ஆபரேஷன் என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நெருளில் இருக்கிற சித்தி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறாள். மழை பிடித்ததிலிருந்து உன் ரூம் சுவரெல்லாம் ஈரம், பில்டிங்கையே இடித்துக் கட்டப்போகிறோமே, இப்போது ரிப்பேர் எதற்கு என்று சொஸைட்டியில் கையை விரிக்கிறார்கள். உன் பழைய வயலின் பெட்டியை மட்டும் ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்தேன், அம்மு அதைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். வீடு எழவு வீடு மாதிரி கிடக்கிறது, அதற்கு மழை காரணமில்லை.

உன் பள்ளிக்கூட ஆர்கெஸ்ட்ராவில் நீ லீடராக இருந்த அதே இரண்டாம் வயலின் செக்ஷனுக்கு இந்த வருஷம் அம்மு லீடர் ஆனாள், நீ போனிலேயே குதித்தாய். போன மாதம் மாட்டுங்காவில் போட்டி. உன் செக்ஷனிலிருந்து ஒரு அபஸ்வரம் வந்தாலும் நீதான் பதில் சொல்லணும் என்று ஆர்கெஸ்ட்ரா சார் இவளிடம் சொல்லிவிட்டாராம். அபஸ்வரம் எங்கிருந்து வரும் என்று எல்லோருக்கும் தெரியும், கடைசி வரிசையில் கோகிலவாணி, ஒன்பதாவது படிக்கிற பெண், போன டிசம்பரில்தான் சேர்ந்தாள். அவள் அப்பா அணுசக்தி நகரில் டெக்னீஷியன். அம்முதான் சனிக்கிழமைதோறும் நம் வீட்டுக்கே வரச்சொல்லி அவளுக்குக் கற்றுக்கொடுத்தாள், பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. மேடை ஏறுமுன் செக்ஷனில் எல்லோர் வில்லுக்கும் லீடர்தான் அந்த ரோசின் பிசினைத் தடவித் தரவேண்டும், உன் காலத்து வழக்கம்தான், இன்னும் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு அம்மு அந்தப் பெண்ணின் வில்லை வாங்கி வைத்துக்கொண்டு, புதிதாகக் குதிரைமுடி மாற்றிய பள்ளிக்கூட வில் ஒன்றை ரோசின் தடவாமலே நீட்டியிருக்கிறாள். அதை எவ்வளவு இழுத்தாலும் சத்தம் வராது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கோகிலவாணி கடைசிவரை எல்லோரோடும் சேர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்பா என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முழுக்க வீடியோ எடுத்தார். முதல் பரிசு வந்தது.

மறுவாரம் அந்தப் பெண் ஒரு டப்பாவில் அதிரசத்தோடு வந்தாள், அவள் அம்மா கொடுத்தனுப்பியது. வாசலிலேயே நின்றாள். "என் கைக்கு இது வரல அக்கா, மேடையில சத்தமே வரல. நீங்க எவ்வளவோ சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். வயலினைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். இவள் மேல் துளி சந்தேகம் கிடையாது, தேங்க்ஸ் வேறு சொன்னாள். அம்மு டப்பாவை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் லிஃப்டில் இறங்கின பிறகு என்னிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், இப்படி ஒரு புத்தி உனக்கு யார் கொடுத்தது என்று கத்தினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணா பைசானுக்குப் பண்ணினதுதானே? டைனிங் டேபிள்ல சொல்லிச் சிரிச்சான், எல்லாரும்தானே சிரிச்சேள்?"

அப்போது அவளுக்கு ஏழு வயது. தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறது குழந்தை என்று நினைத்தோம், அது எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. உன் செக்ஷனில் வாசித்த பைசான் உன்னோடு தினம் வந்து என் அடையைச் சாப்பிட்டுப் போவானே, அந்த வருஷத்துக்குப் பிறகு வரவேயில்லை. கேட்டால் பிஸி என்பாய்.

அப்பாவின் கண்ணாடியை ரிப்பேருக்குக் கொடுக்க ஸ்டேஷன் பக்கம் போனேன், பைசானின் மாமாவுடைய கண்ணாடிக் கடையில் அவன்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தேதான் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். நகுல் இன்னும் வாசிக்கிறானா என்றுதான் முதலில் கேட்டான். நீ ஏன் விட்டாய் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஹிந்தியில் சொன்னான், ஆன்ட்டி, என் கையில் சத்தமே இல்லை, கடவுள் சிலருக்குத் தருவதில்லை என்று. கடுகளவு ஸ்குரூவை ஒரே தரத்தில் எடுத்துக் கண்ணாடியில் முடுக்கிக்கொண்டே சொன்னான். அந்தக் கையைத்தான் வராத கை என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறான். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. உண்மை நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் அதை என் வாயால் அவன் கேட்கக்கூடாது.

கணபதி லீவு முடிந்ததும் கோகிலவாணி இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்துவிடுவார்கள். அதற்குள் போய்ச் சொல்லு என்று அம்முவிடம் தினம் முட்டிக்கொள்கிறேன். சரியாகச் சாப்பிடுவதில்லை, ஸ்கூலுக்குப் போகிறாள் வருகிறாள், அவ்வளவுதான். ஒரே பதில், அண்ணா முதலில் பைசானிடம் சொல்லட்டும், பிறகு நான் சொல்கிறேன் என்கிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இதை நாளைக்கே கூரியரில் போடுகிறேன்.

என்ன பண்ணினாலும் நீ என் பிள்ளை, தீர்க்காயுசாய் நன்றாக இரு. ஃபிரிட்ஜில் வைத்த சாம்பாரை நாள் கணக்கில் வைத்துத் தின்னாதே. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, அவரிடம் நீயே சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஷ்யாமளா

பின்பக்கம் பைசானின் நம்பர் எழுதியிருக்கிறேன். மத்தியானத்தில் கடையில் கூட்டம் இருக்காது என்றான்.