இடப்பக்கத்து இடம்

பல்பொடியின் வாசனை இன்னும் என் விரல்களில் இருக்கிறது. கொரோனாவில் பெட்டிக்குள் போன வெள்ளிப் பாத்திரத்தை இந்த வருடம்தான் வெளியே எடுத்தோம். திருவிருந்தில் இனிப் பழையபடி எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கலாம் என்று நம் போதகர் ஐயர் சொல்லிவிட்டார். முன்பெல்லாம் திருவிருந்து முடிந்த திங்கட்கிழமைகளில் அதைத் தேய்த்து வைத்தது நீ. நீ போன பிறகு அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. நேற்றைய திருவிருந்துக்குப் பிறகு இன்று விளிம்பைத் தேய்க்கும்போது கை ஓடவில்லை. அப்படியே வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வாசலில் நீ வேர்க்கடலையை, நம் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, வேகவைத்து விற்ற நாட்கள் அவை. கையிலும் உதட்டிலும் உனக்கு வெண்படை. ஒருநாள் பொட்டலம் வாங்கக் கை நீட்டிய ஒரு அம்மாள், உன் விரல்களைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து, நர்ஸ் உடுப்போடு நான் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காதே. இது ஒட்டுகிற வியாதி இல்லை, நர்ஸ் நான் சொல்கிறேன் என்று அவளைப் பிடிபிடி என்று பிடித்தேன். உன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி, நாலு பேர் பார்க்க உரித்துத் தின்றேன். வீடு போய்ச் சேரும்வரை என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

உனக்கு அந்தச் சண்டை பிடிக்கவில்லை. "அவங்க பயந்துக்கினு போறாங்க சிஸ்டர். பயந்தவங்க மேல கோவிச்சிக்கினு என்னா பண்றது?" என்றாய். நீ விவரம் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நம் கோயிலில் திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் நம் பந்தி ஆட்கள் எல்லாரும் வரிசையாக முழங்காலிட்டிருந்தோம். என் இடப்பக்கத்தில் நீ. ஐயர் பாத்திரத்தோடு இடப்பக்கத்திலிருந்துதான் வருவார். உன் உதட்டில் பட்ட பிறகுதான் அது எனக்கு வரும் என்பது அப்போதுதான் உறைத்தது. அது ஒட்டாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கோயிலில் யாரும் இல்லை. ஆனாலும் எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டதுபோல் ஒரு பாவனை செய்து, உன்னைச் சுற்றிப் போய் உன் இடப்பக்கம் முழங்காலிட்டேன். எனக்குப் பிறகு நீ குடித்தாய். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் உனக்குத் தெரியாது என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ கடைசிப் பந்தியில் கடைசி ஆளாகத்தான் வந்தாய். ஏன் இத்தனை தாமதம் என்று ஐயர் கேட்டதற்கு, "எனக்கு ஜெபம் பண்ண லேட்டாவுது ஐயரே" என்று சிரித்தாய். நானும் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. உனக்குப் பிறகு பாத்திரத்தில் மிச்சமிருந்ததை ஐயர்தான் குடித்தார், வருடக்கணக்காக. அவருக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

பிறகு கொரோனா வந்தது. கோயில் திரும்பத் திறந்தபோது ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வைத்தார்கள். அந்த முதல் ஞாயிறு நீ முதல் பந்தியிலேயே எழுந்து வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டாய். முகமெல்லாம் சந்தோஷம்.

"இனிமே உங்க பக்கத்துலயே இருக்கலாம் சிஸ்டர்," என்றாய்.

குத்திக்காட்டவில்லை நீ. குத்திக்காட்டியிருந்தால் அழுது, மன்னிப்புக் கேட்டு, அத்தோடு முடித்திருப்பேன். இத்தனை வருடம் எனக்காகத்தான் ஒதுங்கியிருந்திருக்கிறாய். பயந்தவங்க என்று நீ சொன்ன கூட்டத்தில் என்னையும் வைத்து, கோபித்துக்கொள்ளாமல் விட்டிருக்கிறாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு உடம்பு முடியாமல் உன் மகள் உன்னை விழுப்புரத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். வந்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வாரா வாரம் நினைத்தேன், வாரா வாரம் ஏதோ வேலை. கடைசியில் உன் மகள்தான் போன் செய்தாள். சவப்பெட்டிக்குள் உன் உதடு அப்படியே வெளுத்துக் கிடந்தது. குனிந்து கன்னத்தில் முத்தம் வைத்தேன். சிஸ்டருக்கு எவ்வளவு பாசம் என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை தின்றபோதும் இப்படித்தான் பார்த்தார்கள்.

நேற்று ஞாயிறு திருவிருந்தில் பாத்திரம் திரும்ப வந்தது. கடைசிப் பந்திவரை காத்திருந்தேன். என் இடப்பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு முழங்காலிட்டேன். ஐயர் அந்தக் காலி இடத்துக்கு முன்னால் நின்று, "யாராச்சும் வர்றாங்களா சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். நீ குடித்து முடிக்கிற நேரம் அவர் நின்றார். துணியால் விளிம்பைத் துடைக்கப் போனவரை வேண்டாம் என்று தடுத்து, அப்படியே வாங்கிக் குடித்தேன்.