அம்மா இறக்காத கை

நோர்பரி, லண்டன்

அன்பு மகள் கம்சிகாவுக்கு அப்பா எழுதுவது,

வெலிங்டனில் நீயும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள். இங்கே அம்மாவின் வலக்கை மணிக்கட்டு முறிந்திருக்கிறது, உன் பெரியப்பாவுக்கு முன்பற்கள் இரண்டு இல்லை, மற்றபடி எல்லோரும் சுகம். பெரியப்பா உனக்குத் தொலைபேசி எடுத்து அழுதாராம். அவரை நம்புமுன் நடந்ததைக் கேள்.

எங்கள் ஊர்ச் சங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு வாக்கு, அதையும் குடும்பத் தலைவர்தான் போடலாம், பெண் போடுவதென்றால் விதவையாக இருக்க வேண்டும் என்ற விதி உனக்குத் தெரியும். அம்மா அகதியாக வந்து, இங்கிலிஷ் விளங்காத காலத்திலேயே இந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு வாக்குப் போட்டவள். விடிய எழும்பி ஒபிஸ் துப்புரவு, பின்னேரம் கடையில் ஷிப்ட், ஞாயிறென்றால் சங்க மண்டபத்துச் சமையலறை, இதுதான் அவள் இந்த ஊரில் கண்ட வாழ்க்கை. அவள் சமைத்ததைச் சாப்பிடாத தலைவர் ஒருவரும் இல்லை, அவளுக்கு அங்கே வாய் மட்டும் இல்லை. இந்த வருடம் அவளும் தவமலர் அன்ரியும் லூயிஷாம் வரை வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சேர்த்து, ஆளுக்கொரு வாக்கு வேண்டும் என்று பொதுக்கூட்டத்துக்குப் பிரேரணை கொடுத்தார்கள். அந்தப் பிரேரணைக்கும் ஆண்கள்தான் வாக்களிப்பார்களாம். சங்கத் தலைவர் உன் பெரியப்பா சுப்பிரமணியன். பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சையை மூன்று தரம் எழுதியும் தேறாதவர் மேடையில், பட்டதாரி நான் வாசலில் செருப்புக்குக் காவல். தம்பி படிச்சவர், பொறுப்பாப் பார்ப்பார் என்று ஒலிபெருக்கியில் வேறு சொன்னார்.

கை உயர்த்துங்கோ என்றதும் அம்மா பின்வரிசையில் எழுந்து வலக்கையை உயர்த்தினாள். கமலேஸ், கையை இறக்கும் என்றார் பெரியப்பா. அவள் இறக்கவில்லை. வாக்கு வேணுமெண்டா முதல்ல தாலியைக் கழட்டும் என்று எவனோ கத்த, மண்டபமே சிரித்தது. அம்மா மேடையில் நின்ற பெரியப்பாவைப் பார்த்து, என்ர மனுசன் ஆறுதலா, வயசுபோய்ச் சாகட்டும் அத்தான், எனக்கு இப்ப வேணும் என்றாள். அவ்வளவுதான், பெரியப்பாவின் மகன் பிரவின் மேடையிலிருந்து குதித்து வந்து, உயர்த்திய கையைப் பிடித்து முறுக்கி, இரும்புக் கதிரையின் முதுகில் ஓங்கி அடித்தான். முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம் வாசலுக்குக் கேட்டது. தவமலர் அன்ரி சாம்பார் அகப்பையால் அவன் மண்டையில் போட்டா. இரத்தம் வழிய வழிய அவன் அவவையும் தள்ளி விழுத்தினான். நான் மேடைக்கு ஓடிப்போய் ஒலிவாங்கி பூட்டிய இரும்புக் கம்பியைத் தூக்கி நேரே பெரியப்பாவின் வாயில் அடித்தேன். எனக்கு வருத்தமில்லை.

இப்போது இரண்டு பக்கமும் பொலிஸ். அம்மா பிரவின் மேல் கொடுத்த முறைப்பாட்டை விட்டால் தானும் என்மேல் கொடுத்ததை விடுவாராம் பெரியப்பா, பிரேரணையையும் அம்மா திரும்ப எடுக்க வேண்டுமாம். இதைத்தான் உன் வாயால் அம்மாவுக்குச் சொல்விக்கப் பார்க்கிறார். வழக்கு வந்தால் என் வேலை போகும், ஆகவே நானே அவளிடம் கேட்டேன், விட்டுவிடுவோமா என்று. அவள் ஒற்றைக் கையால் தேத்தண்ணி கலக்கியபடி சொன்னாள், நீங்கள் அவற்ற பல்லை உடைச்சது உங்கட பழைய கோவத்துக்கு, அதுக்கு என்ர கையை விக்கச் சொல்லாதேங்கோ, உள்ள போகவேணுமெண்டா போயிட்டு வாங்கோ, சாப்பாடு கொண்டுவாறன் என்று. சுட்டது. ஆனாலும் அண்ணனுடைய கணக்கு வேறு, அதை நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

வரும் ஞாயிறு அதே வாக்கெடுப்புக்குத் திரும்பவும் கூட்டம். நான் மண்டபத்துப் பக்கம் போகக்கூடாது என்று பொலிஸ் நிபந்தனை. குடும்பத் தலைவர் வராவிட்டால் அவருடைய அங்கத்துவ அட்டையைக் கொண்டுபோய் வேறொருவர் போடலாம் என்பது விதி, அட்டையை அவளிடம் நீட்டினேன். அது உங்கட வாக்கு, எனக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டாள். இடக்கையைத் தூக்கினால் சாமிப்படத்துக்கு முன்னால் அபசாரம் என்று சாட்டுச் சொல்லிக் கணக்கில் எடுக்கமாட்டார்கள், ஆகவே கட்டுப்போட்ட கையோடுதான் போகிறாள்.

நீ அவளுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசு, ஆனால் விடச் சொல்லாதே. பெரியப்பா திரும்ப எடுத்தால் பதில் சொல்லாமல் வை. குளிர் தொடங்கிவிட்டது உங்களுக்கு, நெஞ்சை மூடிக்கொண்டு போ. எங்கள் இருவரின் ஆசியும் உனக்கும் மருமகனுக்கும் என்றும் உண்டு. அம்மாவின் கையைப்பற்றிக் கவலைப்படாதே. கையைக் கீழே தொங்கவிட வேண்டாம், நெஞ்சுக்கு மேலே உயர்த்தியே வைத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அதன்படியே நடக்கிறாள்.

இப்படிக்கு
உன் அப்பா
கணேசலிங்கம்