இடுப்புப் பட்டி

மார்ச் 3

இன்றும் பூங்காவைச் சுற்றினேன். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் என்னை முந்திக்கொண்டு போனாள். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும்.

பூங்கா முடிந்ததும் கடை. பின்னறையில் உடை மாற்றிக்கொண்டு வெட்டு மேசைக்கு வந்துவிடுவேன். நான் வெட்டுவேன், தம்பி தைப்பான். எங்கள் தையல் கடை இத்தனை வருடமாக ஓடுவது இப்படித்தான். இப்போது வாரத்தில் பாதி நாள் அவன் மெஷின் ஓடுவதில்லை. ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரி மெஷினில் போய்ப் படுத்துக்கொள்கிறான். என் சிறுநீரகம் ஒன்று அவனுக்குச் சேரும் என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “முதல்ல இளைச்சுட்டு வாங்க. இந்த எடையில உங்களுக்கு ஆபரேஷன் பண்ண மாட்டேன்.”

பொருத்தமெல்லாம் பக்கா. குறுக்கே நிற்பது என் தொப்பை.

மார்ச் 7

போகவில்லை. மழை. சரி, தூறல். சரி, மேகம்.

மார்ச் 12

நடப்பதற்கென்றே இரண்டு பேண்ட் தைத்துக்கொண்டேன். எலாஸ்டிக் வைக்கவில்லை. எலாஸ்டிக் ஆளுக்குத் தகுந்தபடி பேசும். எனக்கு அது பிடிக்காது. பட்டி வைத்து, கொக்கி வைத்து, இடுப்புக்குச் சிக்கென்று தைத்தேன். நான் போடும் மற்றதெல்லாம் தொளதொள. இளைத்தால் இந்தப் பட்டி சொல்லட்டும். ஊருக்கே டேப் பிடிப்பவள்தான், ஆனாலும் என் இடுப்பில் அதை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. எடை மெஷின் என்றால் டாக்டரம்மாவிடம் மட்டும்தான்.

தம்பி பேண்டைப் புரட்டிப் பார்த்தான். “பிரமாதம்கா. இதைப் போட்டுக்கிட்டு மூச்சு விட முடியுமா?”

என்னிடம் அடி வாங்கப் போகிறான் ஒருநாள்.

மார்ச் 29

நேற்று அந்தக் குழந்தை வண்டியை நான் முந்தினேன். அந்தப் பெண் நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அதனால் என்ன, முந்தினால் முந்தியதுதான்.

ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கிவிட்டேன். கடைக்கு எதிரே இருக்கும் பேக்கரிப் பக்கம் தலை திருப்புவதில்லை. ஆனால் பட்டி மட்டும் அப்படியே பிடிக்கிறது. மூச்சை உள்ளே இழுத்துத்தான் கொக்கி மாட்டுகிறேன். ஏன்?

ஏப்ரல் 10

இறுக்கம் கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை! தண்ணீர் குடித்தாலே எனக்குச் சதை போடும் போலிருக்கிறது.

தம்பி ஆறுதல் சொன்னான். “சில பேர் உடம்பு வாகு அப்படிக்கா. எதுக்கு இப்படி உன்னைப் போட்டு வதைச்சுக்கறே? காலைப் பாரு, வீங்கியிருக்கு. விட்டுரு.” கால் வீங்கியது அவனுக்குத்தான். அதை விட்டுவிட்டு என் காலைப் பார்க்கிறான். இவனுக்காக ஒரு தொப்பையைக் கரைக்க முடியவில்லையே என்னால்.

ஏப்ரல் 16

நான்கைந்து நாளாகப் போகவில்லை. இன்று வீட்டுக்காரர் போர்வையை இழுத்தார். காலையில் ஸ்கூல் பஸ் எடுக்கிறவர், எனக்கு முன்னால் எழுந்துவிடுவார்.

“நடக்கலையா?”

“நடந்து என்ன ஆச்சு? பேண்ட் இன்னும் இறுகுது.”

“பேண்டுக்கா நடக்கறே? உன் தம்பிக்கு நடக்கறே. எழுந்திரு.”

கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது. எழுந்து போனேன். பூங்காவில் ஒரு மரத்தடியில் நின்று கொஞ்சம் அழுதேன். பிறகு நடந்தேன்.

ஏப்ரல் 24

திட்டு வாங்கத் தயாராக டாக்டரம்மாவிடம் போனேன். கண்ணை மூடிக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன்.

“அட! நல்லா குறைஞ்சிருக்கே. இப்படியே போங்க, இன்னும் கொஞ்சம்தான்.”

“மெஷின் ரிப்பேரா டாக்டர்?”

அவரே ஏறிக் காட்டினார். ரிப்பேர் இல்லை.

நேராகக் கடைக்கு வந்தேன். தம்பி இல்லை, ஆஸ்பத்திரி நாள். பின்னறையில் கொக்கியில் தொங்கிய பேண்டை எடுத்து உள்பக்கம் புரட்டினேன். நடுத்தையலில் நான் போட்ட தையலுக்கு உள்ளே தள்ளி ஒரு தையல். அதற்கும் உள்ளே இன்னொன்று. பட்டியைப் பிரித்துச் சுருக்கி மறுபடி வைத்திருக்கிறது. இரண்டு பேண்டிலும்! தையல் முடிகிற இடத்தில் முன்னும் பின்னும் மூன்று ஓட்டு ஓட்டிப் பூட்டுகிற ஆள் இந்தக் கடையில் ஒருத்தன்தான்.

நான் இளைக்க இளைக்கப் பிடித்துத் தைத்திருக்கிறான், பாவி. வேலை என்னவோ அத்தனை நேர்த்தி.

ஏப்ரல் 25

பேண்டை அவன் மெஷின் மேல் போட்டேன். பார்த்தான். தலை குனிந்துகொண்டான்.

“ஏன்டா?”

“நீ சலிச்சுப்போய் விட்டுருவேன்னு நெனச்சேன்கா.”

“விட்டா நீ செத்துப்போவடா!”

சொல்லிய பிறகுதான் காதில் விழுந்தது, என்ன சொன்னேன் என்று. அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “நல்லா இருக்கற உன்னைப் படுக்கப்போட்டு வெட்டணுமா, எனக்காக? உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா மாமா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? வேணாம்னு நேரா சொன்னா நீ கேப்பியா?”

கேட்டிருக்க மாட்டேன். அது உண்மைதான்.

“என் உடம்பு, என் கிட்னி, என் பேண்ட். எதுலயும் நீ கை வைக்கக் கூடாது” என்றேன்.

“கிட்னி எனக்குத்தானேக்கா தர்றே?” என்றான். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். சட்டை வாங்க வந்தவர் வாசலிலேயே நின்று, “நான் அப்புறம் வர்றேன்” என்று போய்விட்டார்.

கடைசியில் கேட்டேன்: “நீ இல்லாத கடையில நான் வெட்டினதை யார்கிட்ட குடுப்பேன்?” அவன் தையல் பிரிக்கிற ஊசியை எடுத்து, போட்ட தையலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்தான். போட்டுப் பார்த்தேன். இடுப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதைப் பார்த்து அவன் முகம் போன போக்கு! பயமா, பெருமையா, எனக்குத் தெரியவில்லை.

மே 6

டாக்டரம்மாவிடம் அவனையும் இழுத்துப்போனேன். என்னென்ன ஆகலாம், ஆபத்து எந்த அளவு என்று மறைக்காமல் சொன்னார். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. “அதுக்கப்புறம் அக்கா இப்படியே நடக்க முடியுமா?” “தாராளமா” என்றார். வெளியே வந்து, “சரிக்கா” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

மே 20

ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் அவனும் பூங்காவுக்கு வருகிறான். கொஞ்ச தூரம் நடப்பான், பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். நான் சுற்றி வரும்போதெல்லாம், “என்ன ஆடி அசைஞ்சு வர்றே, வேகமா!” என்று கத்துகிறான். பூங்காவே திரும்பிப் பார்க்கிறது. பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன், அத்தனை தொளதொளப்பு.

ஜூன் 17

டாக்டரம்மா ஒப்புக்கொண்டார்! தேதி கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுப் போனில் அழுதார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நாளைக்கும் நடப்பேன்.

ஜூலை 11

எழுத்து கோணலாக வரும். வயிற்றில் தையல் இழுக்கிறது.

நர்ஸ் வந்து, “எழுந்து நடக்கணும்” என்றாள். யாரிடம் சொல்கிறாள்! சுவரைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசி வரை போனேன். அங்கேதான் அவன் அறை. உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்றேன். முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தி, பொறு என்பது போலக் காட்டினான்.

இத்தனை நாளும் தண்ணீரை மடக்கு மடக்காக அளந்து குடித்தவன். தாகத்துக்கு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்கிறவன். இப்போது நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். மேசையில் இருந்த பெரிய டம்ளரை எடுத்தான். என்னைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல், முழுவதையும் குடித்தான்.

காலியான டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான்.